அப்ரன்டிஸ் என்றால் கராஜ் இல்லை

(வடமேற்கு லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், ஏ லெவல் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பேசியது. பேச்சில் புகுந்த ஆங்கிலத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசைத் தம்பிமார் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு இருபது நிமிடம் தாருங்கள். வடை வர இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் பெற்றோருடன் கதைக்கிறேன். ஏ லெவல் முடித்த வருடம், "நான் கம்பஸ் போகவில்லை, ஒரு சட்ட அலுவலகத்தில் சொலிசிட்டர் அப்ரன்டிஸாகச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே சட்டம் படிக்கப்போகிறேன்" என்று வீட்டில் சொன்னேன். அப்பா கேட்டார்: "அப்ரன்டிஸ் எண்டா கராஜில நிக்கிற பெடியங்கள் எல்லோ?" அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த கலியாண வீடுகளில் யாராவது "மகள் எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டால், "லோ செய்யிறா" என்று சொல்லிவிட்டு உடனே சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எங்கள் வீட்டில் முதல் வக்கீல் அம்மாதான்.

விளங்கிக்கொண்டவர் அப்பம்மா. "ஓ, பிரக்கிராசியாரிட்டப் பழகப் போறாய்" என்றார். அவ்வளவுதான், அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பழைய யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்து வேறு, பிரக்கிராசி வேறு. அப்புக்காத்து நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுகிறவர். பிரக்கிராசி ஆட்களைச் சந்தித்து, காணி உறுதி எழுதி, வழக்கைத் தயார்படுத்துகிறவர். இலங்கையில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கியது. இங்கிலாந்தில் அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது: பாரிஸ்டர், சொலிசிட்டர். நான் பழகுவது இரண்டாவது.

அப்பம்மா சொன்ன அந்தப் "பழகுதல்" என்ற சொல்தான் இந்தத் தொழிலின் பழைய வழி. இங்கிலாந்தில் 1729-இல் வந்த சட்டப்படி, இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறவர் எழுத்து ஒப்பந்தம் போட்டு ஐந்து வருடம் ஒருவரிடம் வேலை பழக வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு ஆர்ட்டிகிள்ஸ் என்று பெயர். 1922 டிசம்பரில் இந்த நாட்டின் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவான கேரி மொரிசனும் ஆர்ட்டிகிள்ஸ் செய்து வந்தவர்தான். போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் பட்டம் இல்லாமல் பள்ளியிலிருந்து நேரே வந்து பழகியவர்கள் ஏராளம். எல்லோரும் பட்டதாரிகளாக வருவதுதான் பிந்தி வந்த பழக்கம். 2016-இல் தொடங்கிய சொலிசிட்டர் அப்ரன்டிஸ்ஷிப் அந்தப் பழைய கதவையே திரும்பத் திறந்திருக்கிறது. ஒரேயொரு வித்தியாசம். அந்தக் காலத்தில் பிள்ளையைச் சேர்த்துவிடத் தகப்பன் காசு கட்டுவார். இப்போது அலுவலகம் பிள்ளைக்குச் சம்பளம் தருகிறது. அப்பாவிடம் இதைச் சொன்ன பிறகுதான் கராஜ் கதை நின்றது.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025-26 கல்வியாண்டில் பல்கலைக்கழகக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுணாக இருந்தது. எனக்கு அந்தக் கடன் இல்லை. வருடச் சம்பளத் தொகை 30 லட்சம் பவுணுக்கு மேல் போகிற நிறுவனங்கள் அதில் 0.5 சதவீதத்தை 2017-இலிருந்து பயிற்சி வரியாகக் கட்டுகின்றன. எங்கள் படிப்புச் செலவு அந்தப் பணத்திலிருந்து வருகிறது. ஆனால் ஒன்று: 2026 ஜனவரியிலிருந்து இந்த உயர்மட்டப் பயிற்சிக்கான அரசுப் பணம் பெரும்பாலும் தொடங்கும்போது 22 வயது ஆகாதவர்களுக்குத்தான். "முதலில் டிகிரி, பிறகு பார்ப்போம்" என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

சரி, பிள்ளைகளே, இனி உங்களுக்கு. ஏ லெவல் முடித்துச் சேர்ந்தால் பொதுவாக ஆறு வருடம். வாரத்தில் நாலு நாள் வேலை, ஒரு நாள் படிப்பு என்று காகிதத்தில் இருக்கும். முதல் வாரத்தில் என் தலையைச் சுற்றவைத்தது சட்டம் இல்லை, கடிகாரம். இங்கே ஒரு மணி நேரம் பத்துத் துண்டு. ஒரு துண்டு 6 நிமிடம். இரண்டு நிமிடம் போனில் கதைத்தாலும் ஒரு துண்டு. எந்த ஃபைலுக்கு எத்தனை துண்டு என்று பதிய வேண்டும், கட்சிக்காரருக்குப் பில் போவது அதை வைத்துத்தான். முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் ஒன்றும் பதிந்திருக்கவில்லை. ஐந்து நாளும் திரையில் பூச்சியமாக நின்றன. அன்றிரவு வீட்டில் அம்மா "என்ன சாப்பிட்டனீ?" என்று கேட்டபோது, அதற்கும் எத்தனை துண்டு என்று மனம் கணக்குப் போட்டது.

ஆறு மாதம் ஒரு பிரிவு, பிறகு அடுத்தது. வீடு வாங்கல் விற்றல் பிரிவில் வெள்ளிக்கிழமை என்றால் ஒருவருக்கும் மத்தியானச் சாப்பாடு கிடையாது. ஒருவர் தன் வீட்டை விற்ற காசில்தான் அடுத்ததை வாங்குவார், அப்படி ஏழெட்டு வீடு சங்கிலியாகக் கோர்த்திருக்கும். ஒருவருடைய காசு வங்கியில் சிக்கினால் ஏழு குடும்பமும் லொறியில் தளபாடத்தோடு ரோட்டில் நிற்கும். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறுவது பெரும்பாலும் போனில்தான். இந்தப் பக்கச் சொலிசிட்டரும் அந்தப் பக்கச் சொலிசிட்டரும் கதைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்ட அந்தக் கணத்தில் இரண்டு குடும்பமும் கட்டுப்பட்டுவிடும். இரண்டு பேருடைய வாக்கை நம்பி லட்சக்கணக்கான பவுண் கைமாறுகிறது. புத்தகத்தில் ஒரு பத்தியாக வாசித்ததை, பக்கத்து மேசைச் சொலிசிட்டர் பேனாவை எடுத்து "12.47" என்று எழுதுவதைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்லலாம். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள், எங்கள் ஆட்கள். கணவருக்குக் கடை. கடைக்கு வங்கிக் கடன், அதற்கு ஈடு அவர்கள் இருக்கும் வீடு. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் மனைவியும் கையெழுத்து வைக்க வேண்டும். "அவவுக்கு இங்கிலிஷ் அவ்வளவாக வராது, நானே விளங்கப்படுத்துறன்" என்றார் கணவர், நல்ல மனதோடுதான். என் மேற்பார்வைச் சொலிசிட்டர் சிரித்தபடி அவரை வரவேற்பறையில் இருக்கச் சொன்னார். நான் மொழிபெயர்க்கிறேன் என்று முன்வந்தேன். "வேண்டாம், உனக்கு அவர்களுடைய சொந்தக்காரர் யாரையாவது தெரிந்திருக்கும்" என்று சொல்லி, வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. லண்டன் தமிழரில் இரண்டு பேரைச் சேர்த்து வைத்தால் அரை மணியில் ஒரு சொந்தம் பிடித்துவிடுவார்கள்.

கதவு மூடியது. அந்த அம்மா அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "கடை போனால் வீடும் போகுமோ?" ஓம், போகும் என்று பதில் வந்தது. "கையெழுத்து வைக்காமலும் விடலாமோ?" என்று அவர் கேட்கவே இல்லை, அதையும் சொலிசிட்டரே எடுத்துச் சொன்னார்.

அந்த வாரப் படிப்பு நாளில் வந்த பாடம் எட்ரிட்ஜ் வழக்கு. 2001-இல், அப்போது இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை கொடுத்த தீர்ப்பு: கணவனின் கடனுக்கு மனைவி வீட்டை ஈடு வைக்கும்போது, சொலிசிட்டர் அவரைக் கணவன் இல்லாமல் நேரில் சந்திக்க வேண்டும், சட்டமொழி கலக்காமல் சொல்ல வேண்டும், முடிவு அவருடையது என்பதைத் தெளிவாக்க வேண்டும். கம்பஸ் போன என் தோழிகள் இதை ஒரு வழக்கின் பெயராகப் படித்தார்கள். எனக்கு அது ஒரு மூடிய கதவு, வெளியே மிடறு மிடறாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு மனுசன். போகும்போது அவர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "பிள்ளை, நீரும் தமிழ்ப் பிள்ளைதானே, உள்ளுக்கு என்ன கதைச்சவை?" சொல்லவில்லை. அந்த அம்மா கையெழுத்து வைத்தாரா என்று நீங்களும் கேட்காதீர்கள்.

எல்லாம் இனிப்பில்லை. எஸ்.கியூ.ஈ. என்ற பொதுச் சோதனை 2021 செப்டம்பரில் வந்தது. எந்த வழியால் வந்தாலும் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் சொலிசிட்டர் ஆகலாம். முதல் பகுதியில் இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றிலும் 180 கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடை. ஐந்தில் இரண்டு சரி போலவே இருக்கும். அந்த இரண்டில் கூடுதல் சரியானதைப் பிடிக்க வேண்டும். எல்லாமாக மூன்று தடவைதான் எழுதலாம். நான் முதல் தடவை ஒரு தாளில் தேறி மற்றதில் விழுந்தேன். முடிவு வந்தது ஒரு வேலை நாளில். நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய 600 பக்கக் கட்டுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். கழிப்பறையில் ஐந்து நிமிடம் அழுதுவிட்டு வந்து 214-இலிருந்து தொடர்ந்தேன். அந்த ஐந்து நிமிடத்தை எந்த ஃபைலிலும் பதியவில்லை.

விழுந்ததற்கு என் சோம்பலும் காரணம். ஆனால் அதற்கு முந்திய மூன்று மாதத்தில் என் படிப்பு நாளில் பாதியை வேலை தின்றுவிட்டது. "இந்த ஒரு தடவை மட்டும்" என்று கேட்பார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் எப்படி மறுப்பது? அதனால் நேர்முகத்துக்குப் போகும்போது சம்பளத்தைக் கேட்க முன் இதைக் கேளுங்கள்: படிப்பு நாளன்று வேலை வந்தால் அதை யார் மறுப்பார், நானா நீங்களா? பதில் சொல்லத் தடுமாறும் இடம் என்றால் வேறு இடம் பாருங்கள். அப்புறம், பன்னிரண்டாம், பதின்மூன்றாம் வகுப்பில் இருக்கிறவர்கள் இலையுதிர் காலத்திலேயே தேடத் தொடங்குங்கள். கம்பஸ் விண்ணப்பத்தையும் கைவிடாதீர்கள், இடங்கள் மிகக் குறைவு.

இரண்டாவது தடவை தேறினேன். அடுத்து இரண்டாம் பகுதி: 12 எழுத்துப் பயிற்சி, 4 வாய்மொழி. வாய்மொழியில் ஒன்று கட்சிக்காரரைச் சந்திப்பது. கட்சிக்காரராக ஒரு நடிகர் வந்து முன்னால் இருப்பார், 25 நிமிடம், புள்ளி போடுவதும் அவரே. அப்பா வீட்டில் கட்சிக்காரராக நடித்து எனக்குப் பயிற்சி தருகிறார். ஒவ்வொரு தடவையும் கராஜ் முதலாளியாகத்தான் வருகிறார்.