சோனியின் அரிசி வேகவில்லை!

டிவி, வாக்மேன், பிளேஸ்டேஷன் எல்லாம் செய்த சோனி, ஆரம்பத்தில் செய்து பார்த்த ஒரு பொருள் என்ன தெரியுமா? சோறாக்கும் மரத்தொட்டி. அதுவும் ஒழுங்காக வேக வைக்காத தொட்டி. வணக்கம் நண்பர்களே, வாருங்கள்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். 1945, டோக்கியோ. போரில் ஊரே இடிந்து கிடக்கிறது. மசாரு இபுகா என்ற பொறியாளர், நிஹோன்பாஷியில் சேதமான ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மூன்றாம் மாடியில் பட்டறை போடுகிறார். அவருடைய நண்பர் அகியோ மொரிட்டாவும் சேர, 1946 மே மாதம் அது கம்பெனியாகிறது. பின்னாளில் சோனி ஆனது இதுதான். சுமார் 20 பேர். அவ்வளவுதான்.

இப்போது தொட்டிக்கு வருவோம்.

(திரையில்: மரத்தொட்டியின் குறுக்குவெட்டுப் படம்)

ஆயுத ஆலைகள் மூடிவிட்டதால் மின்சாரம் மிச்சமாக இருந்த நேரம். இபுகாவின் யோசனை இதுதான்: மரத்தொட்டி, அடியில் அலுமினிய மின்முனைகள். ஹீட்டர் காயில் கிடையாது. அரிசியும் தண்ணீரும் போட்டால், கரண்ட் அந்த ஈரத்தின் வழியாகவே பாய்ந்து சூடாக்கும். தண்ணீர் வற்றியதும் கரண்ட் போக வழியில்லை, தானாக நின்றுவிடும். கேட்கவே அழகாக இல்லை? எனக்கு இந்த யோசனையின் மேல் இன்னும் காதல் உண்டு. தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள், ஷாக் அடிக்கும்.

ஆனால் அரிசி ஒத்துழைக்க வேண்டுமே! ஒரு ரகம் தண்ணீரை அதிகம் குடிக்கும், இன்னொன்று குறைவாக. தண்ணீர் கொஞ்சம் கூடினால் கரண்ட் நிற்காது, சோறு கூழாகும். குறைந்தால் சீக்கிரமே நின்றுவிடும், அரிசி அரிசியாகவே இருக்கும். ‘புது அரிசிக்குத் தண்ணீர் குறைச்சு வை’ என்று நம் வீட்டில் சொல்வார்களே, அந்தக் கைப்பக்குவம் தொட்டிக்குத் தெரியவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் இன்றைய பானை நாளைய பானைக்குப் பதம் இல்லை. நல்ல சோறு கிடைத்ததே அபூர்வம். கைவிட்டார்கள்.

1955-இல் தோஷிபா இதை எப்படித் தீர்த்தது தெரியுமா? கரண்டை அரிசிக்குள் விடவே இல்லை. வெளிப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர். அது ஆவியாகி முடிந்ததும் சூடு 100 டிகிரியைத் தாண்டும், சுவிட்ச் அணையும். அரிசியை நம்பாமல் வெளித் தண்ணீரை நம்பினார்கள். கில்லாடிகள்!

சரி, தொட்டி தோற்றும் இபுகா எப்படித் தப்பித்தார்? கடன் வாங்கி ஊர் முழுக்க விற்கக் கிளம்பாததுதான் என்பேன். தொட்டி போடாத சோற்றை ரேடியோ ரிப்பேர் போட்டது. நடுவில் மின்சார மெத்தை ஒன்றும் விற்றார்கள், நல்லவேளையாக வேறு பெயரில். சிலர் வீட்டுப் போர்வை கருகியதாம்.

1950-இல் டேப் ரெக்கார்டர். டேப் காகிதத்தால் ஆனது. அதன் மேல் பூசும் காந்தத் தூளை வாணலியில் வறுத்து எடுத்தார்கள். ஆமாம், வாணலி! சமையல் இவர்களை விடுவதாயில்லை. இந்த முறை பதமும் வந்துவிட்டது. ஆனால் தூக்கவே முடியாத எடை, விலை சுமார் 1,60,000 யென். பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் குரலைக் கேட்டுச் சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஒரு நாள் மொரிட்டா பழம்பொருள் கடை ஒன்றில், ஒருவர் பழைய ஜாடிக்கு இதைவிட அதிக விலை கொடுப்பதைப் பார்க்கிறார். அவருக்கு அந்த ஜாடியின் அருமை தெரியும். டேப் ரெக்கார்டரின் அருமை யாருக்குத் தெரியும்? தேடினார்கள். போருக்குப் பின் நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளர்கள் பற்றாக்குறை. ஜப்பான் உச்ச நீதிமன்றம் சுமார் 20 டேப் ரெக்கார்டர்கள் வாங்கியது. அரிசியோடு மல்லுக்கட்டியவர்கள், இப்போது பசித்தவனைத் தேடிப் போகக் கற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் டிரான்சிஸ்டர், 1958-இல் சோனி என்ற பெயர். அது தனி வீடியோ. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: 1957-இல் ‘பாக்கெட் ரேடியோ’ என்று விளம்பரம் செய்தார்கள். ரேடியோ சட்டைப் பைக்குள் போகவில்லை! விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர்? ரகத்தின் பெயரோடு கமென்ட்டில் போடுங்கள். சண்டை போடாமல்!