தபாலுக்குத் துணைக்குப் போனவர்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

விமானத்தில் ஊருக்குப் போவதென்றால் நமக்கு முதல் கவலை பெட்டியின் எடைதான். வீட்டில் தூக்கிப் பார்ப்போம், குளியலறைத் தராசில் வைத்துப் பார்ப்போம். கவுன்ட்டரில் ஒரு கிலோ கூடிவிட்டது என்றால் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வழியனுப்ப வந்தவர் கையில் கொடுத்துவிடுவோம். நாம் ஏறுகிற அதே விமானத்தின் அடிவயிற்றில் தபால் மூட்டைகளும் கிடக்கும். அவற்றை யாரும் நினைப்பதில்லை. நான் இன்று பேச வந்தது இது தலைகீழாக இருந்த காலத்தைப் பற்றி. அன்றைக்கு விமானத்தின் உண்மையான பயணி தபால்தான். மனிதர் அதற்குத் துணைக்குப் போனவர்.

பழைய விமான அட்டவணைகளையும், முதல் பயணத்தில் போன தபால் உறைகளையும் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. "பறந்துபோன விமானத்துக்கு டைம்டேபிள் எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மடிப்புத் தாள்களைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். எந்த ஊருக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் அந்தக் காலத்தில் முடிவு செய்தது பயணி அல்ல, தபால்தான்.

நம் நாட்டில் இது 1911-லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி, அலகாபாத் பொருட்காட்சித் திடலிலிருந்து ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் ஆறாயிரத்துச் சொச்சம் கடிதங்களோடு கிளம்பி, யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். பறந்தது 13 நிமிடம். அரசாங்க முத்திரையோடு விமானத்தில் தபால் போனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்கிறார்கள். அதில் பயணி என்று யாரும் கிடையாது. மூட்டையும் விமானியும்தான்.

அடுத்தது 1932. இதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கராச்சி வரை தபாலைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதற்கு மேல் தெற்கே வர ரயில்தான். லண்டனிலிருந்து பறந்து வந்த கடிதம் கராச்சியில் இறங்கி ரயில் பெட்டிக்குள் புழுங்கிக்கொண்டு வர வேண்டும். இந்த இடைவெளியை அடைக்கலாமே என்று யோசித்தவர் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் விமானப்படைக்காரர். அவர் போய்ச் சேர்ந்த இடம் டாட்டா நிறுவனம்.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி காலை, கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டாவே விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். புஸ் மாத் என்ற சின்ன விமானம், ஒற்றை எஞ்சின். வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல் நிரப்ப வேண்டும். பெட்ரோல் தகர டின்களில், மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. பிற்பகலில் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கே தயாராக நின்ற வின்சென்ட் மூட்டையை வாங்கிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டார். ஆனால் அன்றே வந்து சேர முடியவில்லை. இருட்டில் இறங்க விளக்கு வசதி இல்லாத காலம். பல்லாரியில் இறங்கி இரவு தங்கி, 16-ஆம் தேதிதான் சென்னை வந்தார். பல்லாரி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. எனவே வின்சென்ட் முந்தின நாளே நம் எல்லைக்குள் வந்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வாரம் ஒரு முறை சேவை. அரசாங்கம் எந்த மானியமும் தரவில்லை. எவ்வளவு தபால் சுமந்தாயோ அதற்குக் கூலி, அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஜுஹு திடல் சேறாகிவிடும், அப்போது முகாமைப் புனேவுக்கு மாற்றிக்கொள்வார்கள். முதல் ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். சுமந்த தபால் ஏறக்குறைய பத்து டன். லாபம் 60,000 ரூபாய். பயணிகள்? வருஷம் முழுக்க 155 பேர். வாரத்துக்கு மூன்று பேர்! நெல் மூட்டை ஏற்றிய வண்டியில், ஊர்ப்பக்கம் போகிறவர் ஒருவர் ஓரமாகத் தொற்றிக்கொண்டு போவார் அல்லவா, அந்த மாதிரி. வண்டி கிளம்புவது அவருக்காக அல்ல.

1938-இல் இந்தத் தபால் வழி திருச்சியைத் தொட்டுக் கொழும்பு வரை நீண்டது. திருச்சி, சென்னை, பம்பாய், கராச்சி, அப்புறம் லண்டன் என்று ஒரே சங்கிலி. சரி, கொழும்பு வந்துவிட்டது. இலங்கைக்கு வந்த பிறகு அந்த ஒரு கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதுவரை ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே போன விமானங்கள் எல்லாம் சிங்கப்பூர் வழியாகத்தான் போயின. அந்த வழி அறுந்தது. ராணுவத் தபால், தூதரகத் தபால், அவசரமாகப் போக வேண்டிய அதிகாரிகள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். சரி, வேறு எப்படிப் போவது? நடுவில் கிடப்பது இந்தியப் பெருங்கடல். இறங்க ஒரு தீவு தேடினால், பாதுகாப்பாக ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த். அங்கிருந்து இலங்கையின் தென்முனையில், காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கல காயல். நடுவே 5,600 கிலோமீட்டருக்கு மேல் வெறும் தண்ணீர்.

கொக்கல சாதாரண இடம் இல்லை. 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி அந்தக் காயலிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா விமானம்தான், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டுபிடித்து எச்சரிக்கை அனுப்பியது. ஓட்டியவர் பெர்ச்சால் என்ற கனடாக்காரர். செய்தியை அனுப்பி முடிப்பதற்குள் அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது.

அதே கேட்டலினா வகையில் ஐந்து விமானங்களைக் குவான்டாஸ் என்ற ஆஸ்திரேலிய விமான நிறுவனத்திடம் கொடுத்தார்கள். கேட்டலினா என்பது பறக்கும் படகு. அடிப்பாகம் படகு மாதிரி இருக்கும், தண்ணீரில் இறங்கும், தண்ணீரிலிருந்தே எழும்பும். இரண்டு எஞ்சின். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். 1943 ஜூன் கடைசியில் பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து முதல் பயணம். வழியில் எங்கும் நிற்காமல் கொக்கல வந்து சேர 27 மணி நேரம் முதல் 33 மணி நேரம் வரை ஆகும். காற்று எதிராக வீசினால் கூடும், பின்னால் இருந்து தள்ளினால் குறையும்.

இப்போது எடைக் கணக்குக்கு வருகிறேன், நம் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு தூரம் பறக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் மட்டுமே ஆறு டன்னுக்கு மேல். இதற்கு இடம் கொடுக்க விமானத்தில் இருந்த கழற்றக்கூடிய சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். குளிர் தடுக்கும் உறை போயிற்று. இறக்கையில் பனி சேராமல் தடுக்கும் கருவி போயிற்று. இவ்வளவும் போக மிச்சம் இருந்த இடத்தில் எவ்வளவு ஏற்ற முடிந்தது தெரியுமா? சுமார் 69 கிலோ தபால். மூன்று பயணிகள். மூன்றே மூன்று பேர். மறுபடியும் சொல்கிறேன், 9,000 லிட்டர் பெட்ரோலை எரித்து 69 கிலோ தபாலும் மூன்று ஆட்களும். புறப்பட்டு முதல் பல மணி நேரத்துக்குள் ஒரு எஞ்சின் நின்றால், அவ்வளவு பாரத்தை மற்றொரு எஞ்சினால் தூக்கிப் பிடிக்க முடியாது. கடல்தான்.

நான் இப்போது வானொலியில் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த விமானத்திலும் ரேடியோ இருந்தது, ஆனால் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஜப்பானியருக்கு இடம் தெரிந்துவிடும். வானிலைச் செய்தி மட்டும் சங்கேத மோர்ஸில் வரும், கேட்டுக்கொள்ளலாம், பதில் சொல்லக் கூடாது. ஜப்பானிய விமானங்கள் ரோந்து வரும் பகுதியைத் தாண்டும்போது இருட்டாக இருக்கும்படி புறப்படும் நேரத்தை வைத்தார்கள். வழி கண்டுபிடிக்க நட்சத்திரம்தான். விமானத்தில் வழி பார்க்கிறவர் தன் கருவியை எடுத்து வானத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறிபார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, கணக்குப் போட்டு, "நாம் இங்கே இருக்கிறோம்" என்று வரைபடத்தில் புள்ளி வைப்பார். மேகம் மூடிவிட்டால் அடுத்த இடைவெளி தெரியும்வரை திசைகாட்டியையும் கடிகாரத்தையும் நம்பிப் போக வேண்டியதுதான்.

ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள். ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரஸ், ஸ்பைகா. இதில் ஆல்டேர் நம் திருவோணம், அன்டாரஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் ராத்திரி மொட்டை மாடிக்குப் போனால் அந்த மூன்றையும் காணலாம்.

உள்ளே உட்கார்ந்திருந்த அந்த மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் இரைச்சல். குளிர். காலையில் ஒரு சூரியோதயம் பார்ப்பார்கள். பகல் போகும், இரவு போகும், விமானம் இன்னும் பறந்துகொண்டே இருக்கும், மறுபடி ஒரு சூரியோதயம். அதனால்தான் இந்த வழிக்கு இரட்டைச் சூரியோதயம் என்று பெயர். 24 மணி நேரத்துக்கு மேல் வானத்தில் இருந்ததற்கு அத்தாட்சியாக, 'இரட்டைச் சூரியோதய ரகசியக் குழு'வில் உறுப்பினர் என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் வரை இழுத்திருக்கிறது. இன்றைக்கு மிக நீளமான விமானப் பயணம் என்று பெருமையாகச் சொல்லப்படும் சிங்கப்பூர், நியூயார்க் விமானம் 18, 19 மணி நேரத்தில் போய்விடுகிறது. தூரத்தில் அது வென்றது. நேரத்தில் கேட்டலினாவை யாரும் இன்னும் தொடவில்லை.

அட்டவணை சேர்க்கிறவனுக்கு இதில் ஒரே ஒரு வருத்தம். பரம ரகசியமாக நடந்த சேவை என்பதால் இதற்குப் பொதுமக்கள் பார்க்கும் அட்டவணையே கிடையாது. நான் எதைத் தேடுவேன்?

1945 ஜூலை வரை 271 முறை கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. இடையில் 1944-இலேயே லிபரேட்டர் என்ற பெரிய விமானம் வந்து, ஏறத்தாழ பாதி நேரத்தில் கொழும்பு இரத்மலானையில் இறங்க ஆரம்பித்தது. குவான்டாஸின் கங்காரு சின்னத்தை முதலில் வரைந்தது அந்த லிபரேட்டரில்தான். கேட்டலினாக்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவை அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை, போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே ஓட்டைபோட்டுக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு ஒன்றையாவது விட்டிருக்கலாம். ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு அருங்காட்சியகம் ஞாபகம் வராது போலிருக்கிறது.

எடை என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரு சின்ன விஷயம். போர்க்காலத்தில் கடிதங்களைச் சின்னப் பிலிமில் படம் பிடித்து அனுப்பினார்கள். 1,600 கடிதங்கள் சாதாரணமாக 50 ராத்தல், அதாவது ஏறக்குறைய 23 கிலோ இருக்கும். பிலிமில் ஐந்தே அவுன்ஸ், சுமார் 140 கிராம். போய்ச் சேர்ந்த ஊரில் திரும்பப் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுப்பார்கள். நமக்கெல்லாம் தெரிந்த நீல நிற ஏரோகிராமும் இந்தப் போர்க்காலச் சிக்கனத்தில் பரவியதுதான். உறை தனி, கடிதம் தனி என்று வேண்டாம், ஒரே மெல்லிய தாள், மூன்றாக மடித்து ஓரத்தை நக்கி ஒட்டிவிட்டால் முடிந்தது. உள்ளே எதுவும் வைக்கக் கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். நம் ஆட்கள் கேட்பார்களா? மலேயாவில் இருந்த உறவினருக்கு விபூதிப் பொட்டலம் வைத்து ஒட்டியவர்களை எனக்குத் தெரியும். பக்கத்து மடிப்பில் இடம் போதாமல், முகவரிக்கு மேல் விளிம்பில் தலைகீழாக "தம்பிக்குப் பெண் பார்த்தாயிற்று" என்று எழுதுவதும் உண்டு. முக்கியச் செய்தி எப்போதும் அங்கேதான் வரும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நாக்பூரைப் பற்றிப் பாதி நேரம் பேச வேண்டும் என்று வந்தேன், இரண்டு நிமிடம்தான் மிச்சம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

1949-இல் ரஃபி அகமது கித்வாய் தகவல் தொடர்பு மந்திரியாக இருந்தபோது இரவுத் தபால் விமானம் ஆரம்பித்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்று நான்கு ஊர்களிலிருந்து ராத்திரி நான்கு டக்கோட்டா விமானங்கள் கிளம்பி, நடுவே நாக்பூரில் நள்ளிரவில் ஒன்றுகூடும். மூட்டைகளை மாற்றிக்கொள்ளும். சென்னை விமானம் மற்ற மூன்று ஊர்த் தபாலையும் வாங்கிக்கொண்டு விடியும்போது சென்னைக்கே திரும்பிவிடும். மாலையில் டெல்லியில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் சென்னையில். டாட்டா இதைக் கடுமையாக எதிர்த்தார். வழியில் போதிய விளக்கும் கருவியும் இல்லாமல் இருட்டில் பறப்பது ஆபத்து, கணக்கும் கட்டுப்படியாகாது என்றார். அவர் பயந்தது போலவே 1953 டிசம்பரில் நாக்பூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய தபால் விமானம் எழும்பியதும் விழுந்தது. ஆனாலும் சேவை நிற்கவில்லை, 1970-கள் வரை ஓடியது. பயணிகளையும் ஏற்றினார்கள், தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்றவர்களுக்குக் கட்டணம் குறைவு. நடுராத்திரி நாக்பூரில் எழுப்பி, இறக்கி, வேறு விமானத்துக்கு மாற்றிவிடுவார்கள், மூட்டைகளோடு மூட்டையாக. நேரம் முடிந்தது. கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.