லா-பா: அக்கரைப் பாட்டு

விழாத் தலைவர் அவர்களே, நகரசபை உறுப்பினர் அம்மா அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, பரிஸ் லா சப்பலில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வர்த்தகப் பெருமக்களே, வணக்கம். ஒலிவாங்கியைச் சரிசெய்து தந்த தம்பிக்கும் நன்றி.

‘லா-பா’ என்ற பிரெஞ்சுப் பாட்டின் இசை, கதை, மொழி மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழில் இருக்கிறது. 1987-இல் வந்த பாட்டு. எழுதிப் பாடிய பிரெஞ்சுப் பாடகர் ழான்-ழாக் கோல்ட்மனின் தகப்பன் போலந்தில் பிறந்தவர், தாய் ஜெர்மனியில். லா-பா என்றால் ‘அங்கே’. இங்கே பிறப்பே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது, அங்கே துணிந்தவன் பிழைப்பான் என்கிறான் ஆண். அங்கே புயலும் கப்பற்சேதமும் கானல்நீரும் உண்டு, போகாதே என்கிறாள் பெண். இக்கரைக்கு அக்கரை பச்சை! எந்த நாடென்று பாட்டு சொல்வதில்லை. அதுதான் அதன் பலம்.

அந்தப் பெண்குரல் சிரிமாவுடையது. தகப்பன் இலங்கையர், தாய் பிரெஞ்சுக்காரி, பிறந்தது இங்கிலாந்தில். பரிஸுக்கு வந்து, நாங்கள் தினமும் ரயில் மாறுகிற சாத்லே நிலத்தடியில் கிட்டாரோடு நின்று பாடினார். ஆயிரம் பேர் கடந்து போயிருப்பார்கள். ஒரு சாக்சபோன் கலைஞர் மட்டும் நின்று கேட்டார். கோல்ட்மன் பெண்குரல் தேடுவது அவருக்குத் தெரியும். பாட்டு பிரான்சில் இரண்டாம் இடம்வரை ஏறியது. 1989-இல் சிரிமாவின் சொந்த இசைத்தட்டும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கொலையுண்டார். வயது 25. அக்கரை பச்சைதான்; அந்தப் பிள்ளைக்கு இரண்டே வருடம்.

இசையை விடுகிறேன், மொழிதான் அவசரம். அவள் சொல்லும் ‘போகாதே’ பிரெஞ்சில் ‘நி வா பா’. எங்கள் காதில் ‘நீ வாப்பா’ என்றே விழும்! எழுதும்போது அந்த ‘வா’வுக்கு எஸ் போடக்கூடாது. ‘வா-ஸி’, அதாவது ‘போ’ என்னும்போது போட வேண்டும், ஒலிக்கவும் வேண்டும். எழுத்துத் தேர்வில் வழுக்குகிற இடம் இது.

2026 ஜனவரி முதல் பிரான்சில் தங்குவதற்கான பல்லாண்டு அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று பிரெஞ்சு மொழித் தேர்ச்சி நிலை வேண்டும். உணவகச் சமையலறையில் நிற்கும் பிள்ளை பிரெஞ்சு இரவு வகுப்புக்கு எப்படி வருவான்? பதினொரு மணிக்குத்தான் கை கழுவுகிறான். மதியப் பரிமாறலுக்கும் இரவுப் பரிமாறலுக்கும் நடுவே ‘கூப்யூர்’ என்ற இடைவேளை இருக்கிறதே, அதுதான் அவனுக்கு உள்ள நேரம்.

நகரசபை அம்மாவிடம் கேட்பது இதுதான்: செவ்வாய், வியாழன் பிற்பகல் 3.30 முதல் 5.30 வரை இந்த மண்டபத்தின் திறப்பைத் தாருங்கள். 25 கதிரையும் ஒரு பலகையும் போதும். முதல் பாடமாக இந்தப் பாட்டையே வைப்போம்.