நாலு சக்கரமும் நிலத்தில்: லீஃப் ஸ்பிரிங் ஜீப்பில் செய்யக்கூடிய வேலை

வணக்கம் நேயர்களே.

மலையகத்தில் டயகம, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்து ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இப்படி ஓர் இடம் கட்டாயம் தெரிந்திருக்கும். ஏற்றத்தில் ஒரு வளைவு. மேலே தேயிலை மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர்க் கான், ரோட்டைக் கோணலாக அறுத்துக்கொண்டு போயிருக்கும். முன் வலது சக்கரம் கல்லில் ஏறும் அதே நேரம் பின் இடது சக்கரமும் மேட்டில் ஏறும். மற்ற இரண்டும் பள்ளத்தின் மேல் தொங்கும். எஞ்சின் முக்கும், தொங்குகிற இரண்டு சக்கரமும் சும்மா சுற்றும், வண்டி அசையாது. இடது, வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷலின் குணம் அது. ஒரு பக்கச் சக்கரத்துக்குப் பிடி இல்லையென்றால், மறுபக்கச் சக்கரத்துக்கும் அதே அளவு சொற்ப இழுவைதான் கிடைக்கும்.

அந்தத் தொங்கலைக் குறைப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. வண்டியை உயர்த்துவது வேறு, சக்கரம் வளைந்து கொடுப்பது வேறு. விறைப்பான புது ஸ்பிரிங் போட்டு நான்கு அங்குலம் தூக்கிய ஜீப், மெத்தென்ற பழைய ஸ்பிரிங்கில் நிற்கும் ஜீப்பை விட முந்திச் சக்கரத்தைத் தூக்கிவிடும்.

1948 முதல் 1985 வரை வந்த சீரிஸ் லேண்ட் ரோவர், சுசுகி எஸ்ஜே 410, 40 சீரிஸ் லேண்ட் குரூசர், இவற்றுக்கு நான்கு மூலையிலும் இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்தான். இப்போதைய ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளுக்குப் பின்னால் மட்டும். இந்த ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை உண்டு: பாரத்தைத் தாங்குவது ஒன்று, இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் எக்சலை அதன் இடத்தில் பிடித்து வைப்பது இன்னொன்று. சுருள் ஸ்பிரிங் வண்டியில் இரண்டாவது வேலையைத் தனிக் கம்பிகள் பார்த்துக்கொள்ளும். லீஃப் ஸ்பிரிங்கில் இரண்டும் ஒரே இரும்பின் தலையில். முதல் வேலைக்காக அதை இளக்கினால் இரண்டாவது வேலையும் சேர்ந்து இளகும். நான் இனிச் சொல்லும் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் அளந்து பாருங்கள். சமமான தரையில் வண்டியை நிறுத்துங்கள். முன் சக்கரம் ஒன்றின் கீழ் ரயில் சிலிப்பர் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் மெதுவாக ஏற்றுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் இறங்கி வந்து, மற்றச் சக்கரங்கள் உருளாமல் கட்டை வைத்து, அந்த மூன்று டயருக்கு அடியிலும் ஒரு கடதாசித் துண்டைச் செருகி இழுத்துப் பாருங்கள். கடதாசி கிழியாமல் வழுக்கி வந்தால் அந்தச் சக்கரம் பாரத்தை விட்டுவிட்டது. அப்போது கட்டையின் உயரம் எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே அளவை எடுத்தால்தான் செய்த வேலை பயன்பட்டதா என்று தெரியும். அந்த நிலையில் கீழே குனிந்து, எது தடுக்கிறது என்றும் பாருங்கள். குலுக்கலை அடக்கும் ஷொக் முழுதாக நீண்டு இழுத்துப் பிடிக்கிறதா, ஸ்பிரிங்கின் முனையைத் தொங்கவிடும் ஷக்கிள் செசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், முட்டுகிறதா, டயர் மட்கார்டில் உரசுகிறதா? தடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் காசு போக வேண்டும்.

பெரும்பாலான பழைய ஜீப்களில் தடை துருதான். ஸ்பிரிங் வளையும்போது பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். நம் மழையிலும் செம்மண் சேற்றிலும் பத்து வருடம் கிடந்த செட்டில் அவை ஒட்டிப்போய் ஒரே கட்டையாகிவிடும். செட்டைக் கழற்றும்போது இரண்டு பெரிய ஜி-கிளாம்பால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே, பிளேட்டுகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டை எடுங்கள், இல்லாவிட்டால் பிளேட்டுகள் துள்ளி விரலை எடுத்துவிடும். ஒவ்வொரு பிளேட்டையும் கம்பி பிரஷால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேல் பிளேட்டின் அடிப்பக்கத்தில், கீழ்ப் பிளேட்டின் முனை தொட்ட இடத்தில், நகத்தை வைத்தால் சிக்கும் ஒரு பள்ளம் இருக்கும். சதுரமாக வெட்டிய முனை கத்திபோல் உழுத பள்ளம் அது. பிளேட் உடைவது அங்கிருந்துதான். முனைகளைக் கிரைண்டரில் உருட்டி, விளிம்பை மழுக்குங்கள். இரும்பு நீலம் பூத்தால் சூடேறிவிட்டது என்று அர்த்தம், ஆகவே விட்டு விட்டு அரையுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தாலோ வெடிப்புத் தெரிந்தாலோ அந்தப் பிளேட்டைத் தூக்கிப்போடுங்கள். அதில் வெல்டிங் வேண்டாம், கேஸில் சூடு காட்டி வளைக்கவும் வேண்டாம். பதம் போன ஸ்பிரிங் இரும்பு வெறும் தகடுதான்.

திரும்பப் பூட்டும்போது பிளேட்டுகளுக்கிடையில் கிராஃபைட் கலந்த கிரீஸை மெல்லிசாகப் பூசினால் போதும். முனைகளில் நைலோன் பேட் வைத்தால் இன்னும் நல்லது. பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது வழிந்து, ஸ்பிரிங்கின் முனையில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் புஷ் ரப்பரை ஊத வைக்கும், பிரேக் டிரம் பக்கமும் போகும். இறக்கத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

அடுத்தது பிளேட்டுகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கிளிப்புகள். சக்கரம் கீழே தொங்கும்போது மெயின் பிளேட் தனியாக இறங்கப் பார்க்கும், கிளிப் அதைப் பிடித்து மற்றவற்றின் பாரத்தையும் தூக்க வைக்கும். எல்லாக் கிளிப்பையும் வெட்டி எறிந்தால் சக்கரம் நன்றாக இறங்கும் என்று சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முன்னோக்கி ஓடும்போது பிரேக் போட்டால் எக்சலும் சக்கரத்தோடு சேர்ந்து முன்னோக்கி உருளப் பார்க்கும், அந்த முறுக்கில் ஸ்பிரிங்கின் முன்பாதியில் மெயின் பிளேட் கீழ்ப் பிளேட்டுகளை விட்டுப் பிரியும். அங்கே கிளிப் இல்லையென்றால் முழு முறுக்கும் ஒரே பிளேட்டில். கினிகத்தேனை இறக்கத்தில் மெயின் பிளேட் உடைந்தால் எக்சல் ஒரு பக்கமாகப் பின்னுக்குப் போய்விடும். ஆகவே முன்பாதிக் கிளிப்புகளைத் தொடவே வேண்டாம். பின்பாதியில், கீழ்க்கடைசிக் கிளிப்பின் பிடியை மட்டும் சில மில்லிமீற்றர் தளர்த்தலாம்.

புஷ் விஷயத்தில் என் எண்ணம் தெளிவானது: கரடு ரோட்டுக்கு ரப்பர்தான். பொலியூரிதேன் புஷ் அதிக நாள் உழைக்கும், ஆனால் விறைப்பு. ஒரு சக்கரம் மேலே, மற்றது கீழே போகும்போது ஸ்பிரிங்கின் கண், அதாவது முனையில் உள்ள வளையம், பக்கவாட்டிலும் முறுக வேண்டும், ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் அது அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், கீழே இறக்கியதும் முறுகியபடியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். சக்கரம் தரையில், முழுப் பாரமும் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு.

பிளேட் ஒன்றைக் குறைக்கலாமா? கணக்கைப் பாருங்கள். ஒரே தடிப்புள்ள ஏழு பிளேட்டில் ஒன்றை எடுத்தால் விறைப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும். வண்டியின் பாரத்துக்கு ஸ்பிரிங் ஏற்கெனவே 100 மில்லிமீற்றர் அமுங்கியிருந்தால் இனி 117 அளவில் அமுங்கும். அதாவது 17 மில்லிமீற்றர் தாழ்வு. வெறும் வண்டியாக ஓட்டுகிறவருக்கு அது பொருட்டில்லை. பின்னால் கொழுந்து மூட்டை ஏற்றுகிற வண்டியென்றால் வேண்டாம், ஒவ்வொரு குழியிலும் எக்சல் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். எடுப்பதானால் மெயின் பிளேட்டையும், அதன் கண்ணைச் சுற்றிக் காவலாக இருக்கும் இரண்டாவதையும் விட்டுவிட்டு நடுவில் ஒன்றை எடுங்கள். படிகள்போல் நீளம் ஒழுங்காகக் குறைந்துகொண்டு போக வேண்டும், ஒரே இடத்தில் பெரிய இடைவெளி விழுந்தால் அங்கேதான் உடையும். தடிப்பின் விளைவு இன்னும் பெரியது: 6 மில்லிமீற்றர் பிளேட்டின் இடத்தில் 5 மில்லிமீற்றர் பிளேட் போட்டால் அதன் விறைப்பு 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஏனென்றால் விறைப்புக் கணக்கில் தடிப்பு அதே தடிப்பால் மூன்று முறை பெருக்கப்படுகிறது: 5×5×5 க்கு 6×6×6. காசு இருப்பவர்களுக்கு பரபோலிக் ஸ்பிரிங் நல்ல தேர்வு. இரண்டு மூன்று பிளேட்டுகள்தான், நடுவிலும் முனையிலும் தவிர ஒன்றையொன்று தொடாது. உராய்வு இல்லாததால் நன்றாக வளையும், அதே காரணத்தால் நல்ல ஷொக் இல்லாவிட்டால் குதித்துக்கொண்டே இருக்கும்.

இனி ஷக்கிள். ஸ்பிரிங்கின் ஒரு முனை செசியில் நேரே பூட்டியிருக்கும், மறுமுனை இரண்டு சின்னத் தகட்டில் ஊஞ்சல்போல் தொங்கும். அந்தத் தகடுகள்தான் ஷக்கிள். ஸ்பிரிங் நிமிரும்போது நீளும், வளையும்போது குறுகும், ஊஞ்சல் ஆடினால்தான் இரண்டும் நடக்கும். தகட்டை 50 மில்லிமீற்றர் நீட்டினால் வண்டி உயர்வது 25 தான், ஏனென்றால் எக்சல் நடுவில் இருக்கிறது. நீட்டுவதன் நல்ல பலன் ஊஞ்சலுக்குக் கிடைக்கும் இடம். கெட்ட பலன் கோணம். 900 மில்லிமீற்றர் ஸ்பிரிங்கின் ஒரு முனை 50 இறங்கினால் எக்சல் மூன்று பாகைக்குச் சற்று மேல் சாயும். முன் எக்சலில் ஷக்கிள் முன்பக்கம் இருந்தால் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, அவ்வளவு குறையும்: ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, வேகத்தில் அலையும். ஷக்கிள் பின்பக்கம் இருந்தால் காஸ்டர் கூடும், ஆனால் டிஃபரன்ஷல் மூக்குக் கீழே பார்த்து, எஞ்சின் இழுவையை எக்சலுக்குக் கொண்டுபோகும் புறப்பலர் சாஃப்ட்டின் ஜொயின்ட் அதிகம் மடங்கும். இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். பழைய அளவுக்கு மேல் 40, மிஞ்சினால் 50 மில்லிமீற்றர், அதற்கு மேல் போகாதீர்கள். நீண்ட ஷக்கிள் பக்கவாட்டில் ஆடும், ஆகவே இரண்டு தகட்டுக்கும் நடுவில் குறுக்குத் துண்டு வைத்து இணையுங்கள். துளையை டிரில்லில் போடுங்கள், கேஸில் வெட்டிய துளை வேண்டாம்.

சக்கரம் இப்போது கூடுதலாக இறங்கும். அதற்கு ஷொக்கும் நீள வேண்டும். கட்டை மேல் ஏறிய நிலையில் அமுங்கிய பக்கத்தில் ஷொக்கின் இரண்டு பூட்டுக்கும் இடையே 350, தொங்கும் பக்கத்தில் 510 என்று வைத்துக்கொள்வோம். மூடினால் 335க்குக் குறைவாகவும் திறந்தால் 525க்குக் கூடவும் இருக்கும் ஷொக்கைத் தேடுங்கள். 15 மில்லிமீற்றர் இடம் விடாவிட்டால் ஷொக்கே தடுப்புக் கட்டையாகி, பூட்டு பிய்ந்துவிடும். அதே நிலையில் பிரேக் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வீணைத் தந்திபோல் விறைத்திருந்தால் வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம், நீளமான ஹோஸ் போட்ட பிறகே இறக்குங்கள். புறப்பலர் சாஃப்ட்டின் வழுக்கு மூட்டு கழன்று வருமளவுக்கு வெளியே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பிரிங் இளகினால் செங்குத்தான ஏற்றத்தில் பின் எக்சல் முறுகி, ஸ்பிரிங் எஸ் எழுத்துப்போல் வளைந்து, வண்டி டக்டக் என்று துள்ளும். எக்சலில் இருந்து முன்னோக்கிப் போகும் ஒரு பிடிகம்பி இதை நிறுத்தும். கம்பியின் முன்முனையைச் செசியில் நேரே பூட்டாமல் ஒரு சின்ன ஷக்கிளில் தொங்கவிடுங்கள். நேரே பூட்டினால் இவ்வளவு பாடுபட்டு விடுவித்த ஸ்பிரிங்கை நீங்களே பூட்டியதாகிவிடும். ஸ்பிரிங்கை எக்சலுக்கு மேலே மாற்றும் வேலையை ஆட்களை ஏற்றும் வண்டிக்கு நான் சொல்லவே மாட்டேன். அதில் ஸ்டியரிங் கம்பிகளையும் மாற்ற வேண்டும், முறுக்கும் கூடும். ரம்பொடை வளைவுகளில் அந்த உயரம் வண்டியைக் கவிழ்க்கும். எந்த மாற்றமானாலும் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பூட்டும்போது, ஸ்பிரிங்கை எக்சலோடு சேர்த்துக் கட்டும் பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு முறை இறுக்கியவை நீண்டிருக்கும், பிடி நிற்காது. யூ போல்ட் தளர்ந்தால் எக்சல் நகர்ந்து சென்டர் போல்ட்டை அறுக்கும். நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். 100 கிலோமீற்றரில் ஒரு தடவை, 500இல் ஒரு தடவை திரும்ப இறுக்குங்கள். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் கீழ்த் தகடு வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து விடுங்கள். காலையில் டார்ச் அடித்துக் குனிந்தால் போதும்: கோடு நேராக இருந்தால் புறப்படலாம், முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.