அழைப்பு வேறு, உரிமை வேறு

(தலைப்பு: போர்முனைப் பணிகளில் பெண்கள் சேர்வதால் சமூகத்தில் ஆண்-பெண் சமத்துவம் வளருமா? ‘வளரும்’ என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் சோவியத் ஒன்றியத்தையும் ஆப்பிரிக்க நாடான எரித்ரியாவையும் சாட்சிக்கு அழைத்தார். “துப்பாக்கி ஏந்திய பெண்கள் போர் முடிந்ததும் அடுப்படிக்குத்தானே திரும்பினார்கள்? எங்கே வந்தது சமத்துவம்?” என்று கேட்டார். அந்தச் சாட்சிகளை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 8 லட்சம் பெண்கள் சோவியத் படைகளில் பணியாற்றினார்கள். மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் லியுத்மிலா பாவ்லிசென்கோவின் கணக்கில் மட்டும் 309 எதிரிகள். மரீனா ரஸ்கோவா உருவாக்கிய பெண்கள் விமானப் படைப்பிரிவு, மரச்சட்டத்தில் துணி போர்த்திய மெதுவான விமானங்களில் இரவு இரவாகப் பறந்து குண்டு வீசியது. அவர்களுக்கு ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்று எதிரிகளே பெயர் வைத்தார்கள். அந்தப் படைப்பிரிவு 1945 அக்டோபரில் கலைக்கப்பட்டது. எரித்ரியாவில் 30 ஆண்டு விடுதலைப் போரின் முடிவில் போராளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். அவர்களிலும் பலர் பழைய கட்டுப்பாடுகளுக்கே திரும்ப நேர்ந்தது.

ஏன் இப்படி ஆனது? அந்தப் பெண்களை அழைத்தது ஆள் பற்றாக்குறை. ஆபத்துக்குக் கூப்பிட்டார்கள், ஆபத்து தீர்ந்ததும் அனுப்பிவிட்டார்கள். “இந்த இடம் உனக்கும் உரியது” என்று எந்தச் சட்டமும் அவர்களிடம் சொல்லவில்லை. தோற்றது அவர்கள் வீரம் அல்ல, நடுவர் அவர்களே. அழைப்பு மட்டும் இருந்து உரிமை இல்லாமல் போனதுதான் காரணம்.

உரிமையாகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நார்வேயைப் பாருங்கள். அங்கே எந்தப் போரும் நடக்காத 1985-இலேயே நீர்மூழ்கிக் கப்பல் உட்பட எல்லாப் போர்ப் பணிகளும் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. பத்தே ஆண்டுகளில், 1995-இல், சோல்வெய்க் க்ரே என்ற பெண் ஒரு போர் நீர்மூழ்கிக் கப்பலின் தலைமை அதிகாரியானார். உலகில் அதுவே முதல்முறை. 2015 முதல் கட்டாய ராணுவப் பணிச் சட்டமும் ஆண், பெண் இருவருக்கும் ஒன்றே. யாரும் அவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது எதிரணி பேசாமல் விட்ட ஒன்றுக்கு வருகிறேன். தடை இருந்த காலத்தில் பெண்கள் போரிடாமலா இருந்தார்கள்? அமெரிக்காவில் 1994-இல் வந்த விதி, தரைப்படையின் நேரடிச் சண்டைப் பிரிவுகளில் பெண்களை நியமிக்கக் கூடாது என்றது. ஆனால் ஈராக்கில் முன்வரிசை, பின்வரிசை என்று கோடு எதுவும் இல்லை. 2004-இல் டாமி டக்வொர்த் என்ற ராணுவப் பெண் விமானி ஓட்டிய ஹெலிகாப்டர் தாக்கப்பட்டது; அவர் இரண்டு கால்களையும் இழந்தார். 2005-இல் ராணுவக் காவல் பிரிவைச் சேர்ந்த லீ ஆன் ஹெஸ்டர், வாகன வரிசையைத் தாக்கியவர்களைப் பதுங்குகுழிக்குள் இறங்கி எதிர்த்தார். வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதைப் பெற்ற முதல் பெண் சிப்பாய் அவர். காலாட்படையில் சேர்வதற்கான கதவு மட்டும் அப்போதும் அவருக்கு மூடியே இருந்தது. தடை 2013-இல் விலக்கப்பட்டது. எல்லாப் பணிகளையும் திறக்கும் முடிவு 2015 டிசம்பரில்தான் வந்தது.

அந்தத் தடை பெண்களைக் குண்டிலிருந்து காப்பாற்றவில்லை. பதவி உயர்வைத்தான் தடுத்தது. ராணுவத்தில் மேலே ஏறும் படிகளில் பெரும்பாலானவை சண்டைப் பிரிவுகள் வழியாகத்தான் போகின்றன. போரிட்டவர் என்ற பதிவே இல்லாதவரைப் படைத் தளபதியாக யார் ஆக்குவார்கள்? எதிரணியின் இன்னொரு நண்பர், “போரே கொடுமை, அதில் என்ன சமத்துவம்?” என்றார். போரை நானும் வெறுக்கிறேன். ஆனால் போர் தொடங்குவதையும் நிறுத்துவதையும் தீர்மானிக்கும் அறையில், தளபதிகளின் நாற்காலிகள் இருக்கின்றன. அங்கே பெண் உட்காரக் கூடாது, குண்டு விழும் ஊரில் மட்டும் சாகலாம் என்பது எந்த வகை அமைதி?

உடல் வலிமையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வேலைக்குத் தேவையான அளவுகோலை வையுங்கள், அதை யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். 2015-இல் அமெரிக்க ராணுவத்தின் கடுமையான ரேஞ்சர் பயிற்சியில் 19 பெண்கள் சேர்ந்தார்கள். அந்த ஆண்டில் மூவர் தேறினார்கள். அந்த மூவரையும் மற்ற பதினாறு பேரோடு சேர்த்து வாசலிலேயே நிறுத்துவது நியாயமா? அங்கே ஆண்களிலும் பெரும்பகுதியினர் தேறுவதில்லை.

இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒரு வாதம் வைக்கப்பட்டது. சிப்பாய்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்க அவர்கள் இன்னும் மனத்தளவில் பழகவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. அந்த வழக்கு கட்டளைப் பதவியைப் பற்றியது, போர்முனையைப் பற்றியது அல்ல. ஆனாலும் தடைகளின் உண்மை முகம் அதில் தெரிந்துவிட்டது. பெண்ணிடம் குறை சொல்ல எதுவும் இல்லாதபோது, ஆணின் மனத்தடையைக் காரணமாகக் காட்டுகிறார்கள். 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சமூகம் மாறட்டும், பிறகு கதவைத் திறக்கலாம் என்று காத்திருந்தால் இரண்டுமே நடக்காது. பெண்ணின் கட்டளையில் ஓராண்டு பணியாற்றிய சிப்பாய், ஊருக்குத் திரும்பும்போது தன் தங்கையைப் பழைய கண்ணால் பார்ப்பானா?

படைகளுக்குள் பெண்கள் மீது பாலியல் வன்முறை நடக்கிறது என்று எதிரணியினர் சொன்னார்கள். உண்மைதான், மனம் கசந்து ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் குற்றவாளியை வெளியேற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவளை அல்ல.

மகனைக் களத்துக்கு அனுப்பிய சங்ககாலத் தாயைச் சொல்லி, அதுவே பெண்ணின் வீரம் என்றார் எதிரணித் தலைவர். மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்ட இன்னொரு தாயும் சங்கப் பாடலில் இருக்கிறாள். அவள் வீட்டில் இருந்து அழவில்லை. வாளைக் கையில் எடுத்துக்கொண்டு களத்துக்கே போய், விழுந்து கிடந்த உடல்களைப் புரட்டித் தேடினாள்.

“உங்கள் மகளை அனுப்புவீர்களா?” என்று கடைசியாக என்னைக் கேட்டார். எனக்கு ஒரு மகளும் ஒரு மகனும் இருக்கிறார்கள். யார் போனாலும் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் மகன் விண்ணப்பம் போடும்போது என் பயத்தைக் காரணம் காட்டி எந்த நாடும் அதைத் திருப்பி அனுப்புவதில்லை. மகளின் விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பக் கூடாது என்றுதான் கேட்கிறேன், நடுவர் அவர்களே.