எசேக்கியேல் 37: பதினோராம் வசனத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

புத்துயிரைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் பிரசங்கிக்க வருகிற யாரும் ஒருநாள் உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்குக்கு வந்துதான் ஆகவேண்டும். எசேக்கியேல் 37, முதல் பதினான்கு வசனங்கள். ஒவ்வொரு திருச்சபை மரபும் அதன் ஒவ்வொரு மூலையில் நின்று பார்க்கிறது.

எசேக்கியேல் ஆசாரியர். கி.மு. 597-இல் யோயாக்கீன் அரசனோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களில் ஒருவர். பத்தாண்டு கழித்து எருசலேமும் ஆலயமும் அழிந்தன. அந்தச் செய்தி 33ஆம் அதிகாரத்தில் அவருக்கு வந்து சேருகிறது. 37ஆம் அதிகாரத்தில், பிணத்தைத் தொட்டாலே தீட்டு என்ற முறைமையில் வளர்ந்த அந்த மனிதரை ஆண்டவர் ஒரு தரிசனத்தில் எலும்புகளின் நடுவே நடத்திக்கொண்டு போகிறார். அவர் தீர்க்கதரிசனம் உரைக்க, எலும்புகள் கூடி உடலாகி, பின்பு ஆவி வந்து உயிர்பெற்று எழுகின்றன.

தரிசனத்தின் பொருளை வேதமே சொல்லிவிடுகிறது. பதினோராம் வசனம்: "இந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சத்தார் அனைவருமே." தொடர்ந்து அந்த மக்களின் புலம்பலும் வருகிறது: எங்கள் எலும்புகள் உலர்ந்துபோயிற்று, எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று. ஆகவே நாடிழந்த ஒரு ஜனம் திரும்பி எழுவதுதான் முதல் பொருள். அப்படியானால் இறந்தோரின் உயிர்த்தெழுதலுக்கு இதில் இடமில்லையா? மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதற்குப் பதில் சொன்னார்: உயிர்த்தெழுதல் என்று ஒன்று இல்லவே இல்லையென்றால், அதை எடுத்து இன்னொன்றுக்கு உவமையாக்க முடியாது. வலுவான வாதம்தான்.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்தப் பகுதியைப் பெரிய சனிக்கிழமைக்குரிய, அதாவது உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின நாளுக்குரிய காலை வழிபாட்டில் வாசிக்கின்றன. பல இடங்களில் அந்த வழிபாடு வெள்ளி இரவிலேயே நடக்கும். கிறிஸ்துவின் அடக்கத் திருவுருவம் தீட்டிய துணியை ஏந்தி ஊர்வலம் போய்த் திரும்பியதும் எசேக்கியேல் வாசகம் வருகிறது. பின்னர் வரும் நற்செய்தியோ, கல்லறைக்கு முத்திரையிட்டுக் காவல் வைத்த செய்தி. கல்லறை இன்னும் மூடித்தான் இருக்கிறது, எலும்புகள் எழுந்துவிட்டன. இதைவிடப் பொருத்தமான இடத்தில் இந்த அதிகாரத்தை எவரும் வைத்ததில்லை என்றே நினைக்கிறேன்.

கத்தோலிக்க வாசக முறையில் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு, மூன்றாண்டுச் சுழற்சியின் முதலாம் ஆண்டில், 12 முதல் 14 வரையுள்ள மூன்று வசனங்கள் மட்டுமே வாசிக்கப்படுகின்றன. உடன் வருவது லாசர் உயிர்பெற்ற நற்செய்தி. "கல்லறைகளைத் திறப்பேன்" என்ற சொல் அங்கே அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பள்ளத்தாக்கில் கிடந்தவை புதைக்கப்படாத எலும்புகள். பன்னிரண்டாம் வசனத்தில்தான் காட்சி கல்லறைக்கு மாறுகிறது. மூன்று வசனம் மட்டும் கேட்பவருக்கு இந்த மாற்றமும் தெரியாது, "நம்பிக்கை அற்றுப்போயிற்று" என்ற கதறலும் காதில் விழாது. ஆவியானவர் இறங்கிய பெந்தக்கோஸ்துத் திருநாளின் திருவிழிப்பு, அதாவது முந்தின மாலை வழிபாட்டின் வாசகங்களில் முழுப் பகுதியும் உண்டு என்பது ஆறுதல்.

எபிரேயத்தில் 'ரூவாக்' என்ற ஒரே சொல் இந்தப் பதினான்கு வசனங்களில் பத்து முறை வருகிறது. மூச்சு, காற்று, ஆவி மூன்றும் அதுவே. தமிழருக்கு இது எளிது. 'ஆவி பிரிந்தது' என்கிறோம், 'ஆவி பறக்கிறது' என்கிறோம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஆவி என்றே போட்டு, ஒன்பதாம் வசனத்தில் மட்டும் "காற்றுத்திசை நான்கிலுமிருந்து" என்று விரிக்கிறது. அங்கே வரும் "ஊது" என்பதற்கு கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள வினையே ஆதியாகமம் 2:7-இலும், உயிர்த்த இயேசு சீடர்மேல் ஊதும் யோவான் 20:22-இலும் இருக்கிறது. பெந்தக்கோஸ்தோடு இதை இணைப்பவர்களுக்கு இது நல்ல ஆதாரம்.

சீர்திருத்த மரபினர், எலும்பு தானாக எழாது, வார்த்தையும் ஆவியும் சேர்ந்தே எழுப்பும் என்று, மனிதன் ஆவியால் புதிதாய்ப் பிறக்கும் மறுபிறப்பைப் போதிக்கிறார்கள். பெந்தக்கோஸ்தே சபைகளில் இது எழுப்புதலுக்கான, அதாவது சபை புத்துயிர் பெறுவதற்கான வேதபகுதி. "தீர்க்கதரிசனம் உரை" என்ற கட்டளை இன்று விசுவாசிக்கும் உரியது என்பார்கள். வழுக்குவதும் அங்கேதான். வேலை, விசா, கடன் என்று ஒவ்வொருவரின் பிரச்சினையும் ஓர் எலும்பாகிவிடுகிறது. மூலத்தில் பேசுவதோ ஒரு ஜனம் முழுதும்: எங்கள் எலும்புகள், எங்கள் நம்பிக்கை.

இன்னொரு சாரார் இதை 1948-இல் உருவான இஸ்ரேல் நாட்டோடு பொருத்தி, உடல் கூடியாயிற்று, ஆவி இனிமேல் வரும் என்று விளக்குகிறார்கள். எசேக்கியேல் தம்மோடு சிறையிருந்தவர்களிடம் பேசினார் என்பதை அந்த வாசிப்பு மறந்துவிடக்கூடாது.

சபையில் இதை வாசிக்கப் போகிறவர்களுக்கு: பதினான்கு வசனங்களையும் வாசியுங்கள், மூன்று நான்கு நிமிடம்தான். எட்டாம் வசனத்தில், நரம்பும் மாம்சமும் தோலும் வந்தபின், "ஆனாலும் அவைகளில் ஆவி இல்லாதிருந்தது" என்ற இடத்தில் ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள். முதல் தீர்க்கதரிசனத்தால் கிடைத்தது முழு உடல், ஆனால் பிணம். பதினோராம் வசனத்தை அவசரமில்லாமல், புலம்புகிறவர்களின் குரலிலேயே வாசியுங்கள். அதன்பின் பன்னிரண்டுக்குப் போங்கள்.