மங்கிய கேலக்ஸியும் மங்காத விளக்கும்

மேடையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, வாழ்த்துரையில் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவிய துணைத்தலைவர் அவர்களே, இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். மங்கலான குள்ளக் கேலக்ஸிகளின் விண்மீன்களில் என்ன இருக்கிறது, அதை எப்படி அளக்கிறார்கள், அங்கே ஒளி வீசாத இருண்ட பொருள் எவ்வளவு.

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது! செக்யூ 1 கேலக்ஸி முழுவதும் சேர்ந்து வீசும் ஒளி சில நூறு சூரியன் அளவுதான். அதன் சில விண்மீன்களில் இரும்பு, சூரியனில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரும்போடு ஒப்பிட்டால் மெக்னீசியமும் கால்சியமும் தூக்கல். எரிந்து ஓய்ந்த விண்மீன்களான வெள்ளைக் குள்ளன்கள் வெடித்தால் இரும்பை வாரிக் கொட்டும்; அந்த வெடிப்புகள் வேலையைக் காட்டுமுன்பே அங்கே விண்மீன் பிறப்பு நின்றுபோனது.

ரெட்டிகுலம் 2 என்ற இன்னொரு குள்ளக் கேலக்ஸியின் கதையைக் கேளுங்கள். 2015-இல் கண்டுபிடித்தார்கள். வானியலாளர்கள் அலெக்சாண்டர் ஜி, ஆனா ஃப்ரெபெல் குழுவினர் சிலியின் மெகல்லன் தொலைநோக்கியில் ஒன்பது விண்மீன்களின் நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பட்டையை, எடுத்தார்கள். இத்தகைய கேலக்ஸிகளில் யூரோப்பியம் என்ற கன உலோகம் ஒளியை விழுங்கிய கோடு இருக்கவேண்டிய இடம் வழவழவென்று கிடப்பதுதான் வழக்கம். இங்கேயோ 412.9 நானோமீட்டரில் பள்ளம்! ஒன்றில் இருந்தால் தற்செயல் எனலாம். அடுத்ததிலும் இருக்கிறது. அதற்கடுத்ததிலும்! ஒன்பதில் ஏழு, ஐயா! பிற மங்கிய கேலக்ஸிகளைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு கன உலோகம். சொட்டுச் சொட்டாகச் சேர்ந்திருந்தால் எல்லாக் கேலக்ஸியிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். ஒரே அரிய நிகழ்வு, அநேகமாக இரு நியூட்ரான் விண்மீன்களின் மோதல், மொத்தத்தையும் இறைத்துவிட்டது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது!

அளப்பது எப்படி? முதலில் 849.8, 854.2, 866.2 நானோமீட்டர் கால்சியக் கோடுகளில் வேகத்தைப் பார்த்து, வேகம் ஒத்துவராமல் குறுக்கே நிற்கும் பால்வீதி விண்மீன்களைக் கழிக்கவேண்டும். பிறகு மணிக்கணக்கில் ஒளி சேர்க்கவேண்டும். ஒரே மூச்சில் அல்ல, துண்டு துண்டாக. அப்போதுதான் காஸ்மிக் கதிர் விழுந்த புள்ளிகளை ஒப்பிட்டு நீக்கலாம். கார்பன் மிகுந்த விண்மீனென்றால் சி.எச். மூலக்கூறுக் கோடுகள் நீலப் பகுதியை மொய்த்துவிடும். கடைசியாக வான ஒளியைக் கழிக்கவேண்டும். மிச்சம் வைத்தால் பள்ளம் தூர்ந்து, பேரியம் என்ற கன உலோகம் குறைவென்று பொய்க்கணக்கு வரும். சரியாகக் கழித்தாலும் அதன் இரைச்சல், அதாவது தாறுமாறான ஏற்ற இறக்கம், தங்கிவிடும்.

வம்பு இங்கேதான். தெருவிளக்கு வெளிச்சமும் அந்த வான ஒளியில் கலக்கிறது. பேரியக் கோடு 455.4 நானோமீட்டர். வெள்ளை எல்.இ.டி. விளக்கின் நீல உச்சம் ஏறக்குறைய 450! பக்கத்து வீடு! நீல ஒளி காற்றில் அதிகம் சிதறவும் செய்யும். கையளவு பல்புக்கும் மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிதுதான். தெருவிளக்கு வேண்டாம் என்று யார் சொன்னார்? நிற வெப்பநிலை 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் ஒளி, மேலே ஒரு மூடி, ஆள் நடமாட்டம் அடங்கினால் பாதி வெளிச்சம். கேட்பது இவ்வளவே.

இருண்ட பொருள்... செயலாளர் எழுந்துவிட்டார். தலைவர் அவர்களே, இந்த அரங்கத்து வாசல் விளக்குக்கு எப்போது மூடி போடுகிறீர்கள்?